நேரில் சரிபார்க்கப்பட்டது

பணி ஓய்வு பெற்ற நாளில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடையில் பேசிய மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். எதையும் கண்ணால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே இல்லையாம். நான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடக்கமான மனிதர் என்று நாலாவதாக ஒருவர் வந்து அதையும் சேர்த்துச் சொன்னார். எழுந்து, நீங்கள் சொல்வது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு யாரும் என்னை வேலையை விட்டு நீக்கியிருக்க முடியாது. அப்படியும் சொல்லவில்லை. போண்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வங்கிகளுக்கெல்லாம் மேலே இருக்கும் வங்கியில் நான் வேலை பார்த்தேன். சொந்தக்காரர்களுக்கு அது நோட்டு அச்சடிக்கும் இடம். கல்யாணம் காட்சி என்றால் புது நோட்டுக் கட்டு வாங்கித் தரச் சொல்லி என் பெண்டாட்டியை நச்சரிப்பார்கள். என் பிரிவில் நோட்டைக் கண்ணால் பார்ப்பதே சம்பள நாளில்தான். ஊர் ஊராகப் போய், மற்ற வங்கிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்து அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. ஆய்வுக்கு நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் அந்தக் கிளையில் கக்கூசுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். மானேஜர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலில் உட்காருவார். எனக்கு இருபத்தெட்டு வயது, அவருக்கு ஐம்பது இருக்கும். நான் பேனாவை மூடும் சத்தத்துக்கு அவர் முகம் மாறும். வாழ்க்கையில் நான் குடித்ததில்லை. ஆனால் போதை எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம், லுங்கித் தறி போட்ட குடும்பம். நூலுக்குப் போடும் கஞ்சி புளித்து வீடே நாறும். அது நாற்றம் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் திருப்பத்தூரில் இருந்த அத்தை வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, ஆம்பூர் வருவதற்கு இரண்டு மைல் முன்னாலேயே அம்மா முந்தானையால் என் மூக்கைப் பொத்துவாள். அங்கே தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து வரும் நாற்றம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ஜன்னலைச் சாத்துவாள். பஸ்ஸில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அதே பஸ்ஸில் ஆம்பூரில் ஏறும் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் நாங்கள் கொஞ்சம் ஒதுங்குவோம். ஒதுங்குகிறோம் என்று எங்களுக்கே தெரியாத அளவுக்கு அது பழக்கமாகிப் போயிருந்தது.

வேலூரில் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, சென்னை அலுவலகத்தில் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் தோல் வியாபாரத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகளை ஆய்வு செய்ய ஆள் தேவைப்பட்டது. யாரும் போகத் தயாராக இல்லை. ஒருவருக்கு ஆஸ்துமா, இன்னொருவர் வீட்டில் மடி ஆசாரம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“நீ அந்தப் பக்கத்து ஆளாச்சே. உனக்குப் பழகியிருக்கும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் தறிக்காரன், தோல் ஷாப்புக்காரன் அல்ல என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் தலையாட்டினேன். அந்தக் கோபத்தோடுதான் ஆம்பூருக்குப் போனேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

தோல் ஷாப்புக்கு வங்கி கடன் கொடுப்பது, உள்ளே குழிகளில் ஊறிக்கொண்டிருக்கும் தோலை நம்பி. ஆட்டுத்தோல் வந்து இறங்கும், சுண்ணாம்புக் குழியில் கிடக்கும், ரோமமும் சதையும் போன பிறகு ஆவாரம்பட்டைச் சாறு நிரப்பிய குழியில் அடுக்கடுக்காகப் போட்டு வைப்பார்கள். அந்தத் தோல் உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. விதிமுறையில் தெளிவாகவே இருந்தது, ஆய்வு அதிகாரி சரக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று.

நடைமுறை வேறு. ஷாப்புக்கு முன்பக்கம் ஒரு அறை இருக்கும். மின்விசிறி, மேஜை, மேஜை மேல் ஊதுபத்தி. அதிகாரியை அங்கே உட்கார வைப்பார்கள். அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் பிரியாணி வரும், சைவம் என்றால் இட்லி வடை வரும். பிறகு சரக்குப் பதிவேடு வரும். அதிகாரி அதில் பச்சை மையால் குறிபோட்டு, சரக்கு நேரில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதுவார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. ஒரு பைசா வாங்காத உத்தமர்கள் நாங்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். கடனுக்கு எழுதி வைத்த தோலை எங்களில் ஒருவர்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

கடன் கொடுத்த வங்கிகளும் அதே கதைதான். அவற்றில் ஒன்று வேலூரில் தலைமையிடம் வைத்திருந்த சின்ன வங்கி. அதன் ஆம்பூர் கிளையில் மானேஜரிலிருந்து பியூன் வரை ஒருவரும் ஷாப்புக்குள் போக மாட்டார்கள். அதற்காகவே குடோன் கீப்பர் என்று ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். அவர் ஊரை ஒட்டிய காலனியைச் சேர்ந்தவர். அப்பா சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால்விரல் நகம் உதிர்ந்து போனவர். மகன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அந்தக் காலனியிலிருந்து வங்கிச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். ஆனால் வங்கிக் கட்டடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஷாப்புக்குள் தகரக் கொட்டகையில் ஒரு பெஞ்சு, அங்கேயே கணக்கு எழுதி, மாலையில் கிளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த மனிதரிடமிருந்து எங்கள் சென்னை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அழகான கையெழுத்து, கார்பன் தாள் வைத்து எழுதிய பிரதி. வெளியூரிலிருந்து வந்து ஷாப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் முதலாளி குழிகளில் மோசடி செய்கிறார், மேலே மட்டும் தோல், கீழே சாறு போன பட்டைச் சக்கை, தான் உண்மையை எழுதினால் மானேஜர் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறார், தயவுசெய்து நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கடிதத்தை மேலதிகாரி என்னிடம் கொடுத்தார்.

அது கார்த்திகை மாதம். சோளிங்கர் மலைக்கு வருவதாக அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அம்மாவும் என் பெண்டாட்டியும் வேலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இறங்கியிருந்தார்கள். நான் ஆம்பூர் வேலையை மத்தியானத்துக்குள் முடித்துக்கொண்டு வந்து, அவர்களைச் சோளிங்கருக்கு அழைத்துப் போக வேண்டும். விரதம். காலையில் தலைக்குக் குளித்து, வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். “வேற எங்கயும் போய்த் தீட்டு பண்ணிக்கினு வந்துடாதே” என்று அம்மா வாசலில் சொல்லி அனுப்பினாள். எந்த ஊருக்குப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஷாப்பில் முன் அறை, ஊதுபத்தி, எல்லாம் தயார். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். கிளை மானேஜர் பக்கத்தில். நான் கொஞ்சம் விறைப்பாக, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன்.

“இன்னாத்துக்கு சார் அங்கல்லாம்? நாத்தம் ஜாஸ்தி. உங்களுக்குப் பழக்கம் இல்ல. ரிஜிஸ்டரு இங்கியே வந்துடும்” என்றார் முதலாளி.

கடிதம் கையில் இருந்ததால் நான் எழுந்து உள்வாசல் வரை போனேன். இரண்டு பக்கமும் குழிகள், நடுவில் வழுக்கும் நடைபாதை, மேலே ஈ. முதல் குழி என்னிடமிருந்து இருபது அடி இருக்கும். குடோன் கீப்பர் அங்கே நின்றிருந்தார். கையில் நீளமான மூங்கில் கோல், நுனியில் இரும்புக் கொக்கி. என்னைப் பார்த்ததும் நேராக என்னிடம் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டையை இன் பண்ணி, காலில் செருப்பில்லாமல் இருந்தார்.

“சார், நான் எழுதுன லெட்டரு வந்துச்சா?”

மானேஜரும் முதலாளியும் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். இந்த மனிதருக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் போதாது என்று அப்போது நினைத்தேன். சாமர்த்தியமா? நான் வந்துவிட்டேன், இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று அவர் நம்பினார். அதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

“வந்துச்சிப்பா. அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றேன்.

“மேல ரெண்டு அடுக்குதான் சார் தோலு. அதுக்குக் கீழ கோணிய மடிச்சிப் போட்டு, வெறும் பட்டைச் சக்கைதான் ரொப்பியிருக்கு. நடுவுல பாத்தா தெரியாது, அங்க மட்டும் ஆழமா அடுக்கி வெச்சிருக்காங்க. மூலையில கோலு வுட்டுப் பாக்கணும். தோலு அடுக்கியிருந்தா கோலு எறங்காது, எகிறும். சக்கைன்னா அடி வரைக்கும் போய்டும். நீங்களே ஒரு வாட்டி வுட்டுப் பாருங்க சார், உங்க கைக்கே தெரியும்.”

கோலை என் பக்கம் நீட்டினார். அது நனைந்திருந்தது. நுனியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டியது. நான் என் வேட்டியைப் பார்த்தேன். அப்புறம் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு காரணங்களும் சேர்ந்துதான் என் கை நீளவில்லை. வேட்டி மட்டும்தான் காரணம் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நீயே வுட்டுக் காட்டு” என்றேன்.

அவர் ஓடிப்போய் முதல் குழியின் மூலையில் கோலை இறக்கினார். அது இறங்கியது. கீழே வரை போனதுபோலத்தான் இருந்தது. இருபது அடி தூரத்திலிருந்து என்ன தெரியும்? “பாருங்க சார், போவுது பாருங்க!” என்று அங்கிருந்து கத்தினார். முதலாளி என் காதருகே, அவன் ஓரமாக அழுத்துகிறான், சுவர்ப் பக்கம் எப்போதும் இடைவெளி இருக்கும் என்று சொன்னார். கொக்கியில் மாட்டியதை இழுத்து மேலே தூக்கினார் குடோன் கீப்பர். கறுப்பாக ஏதோ வந்தது. கோணியோ, தோலோ. கிட்டே போயிருந்தால் தெரிந்திருக்கும். இருபது அடிதான். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, சரி சரி, பார்த்துவிட்டேன் என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பினேன். மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்கு வேலூர் பஸ்.

அறிக்கையைச் சென்னைக்கு வந்து எழுதினேன். ஆங்கிலத்தில்தான். புகாரில் சொல்லப்பட்ட குழிகள் நேரில் சரிபார்க்கப்பட்டன, சரக்கு பதிவேட்டோடு ஒத்துப்போகிறது, புகார் உள்நோக்கம் கொண்டது. இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. புகார் எழுதியவரின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு விதி உண்டு. அதற்கும் ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன். அவரே எல்லோர் முன்னிலையிலும் வந்து பேசிவிட்டதால் ரகசியம் காக்க வேண்டிய அவசியம் எழவில்லை என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, நல்ல மொழி உனக்கு என்றார்.

சோளிங்கரில் நரசிம்மர் கார்த்திகை மாதம் முழுக்கக் கண்ணைத் திறந்து பார்ப்பார் என்று சொல்வார்கள். ஆம்பூரிலிருந்து வந்த அன்றைக்கே மலையேறிப் போய் அவர் முன்னால் நின்றேன். சட்டையில் துளி நாற்றம் இல்லை. அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

என் அறிக்கையின் பிரதி வேலூர் வங்கிக்குப் போனது. அதிலிருந்து இரண்டு வரிகளை எடுத்துப் போட்டு அந்த வங்கி குடோன் கீப்பரை வேலையை விட்டு நீக்கியது. மேலிடத்துக்குப் பொய்ப் புகார் எழுதி வங்கியின் பெயரைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. “ஐயா, தாங்கள் குழி அருகில் வரவில்லை என்பதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். மறுபடி ஒரு முறை வந்து கோல் விட்டுப் பார்த்தால் போதும்.” படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மிரட்டுகிறானா என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், ஒரு மனிதன் இன்னொருவன் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அரைமணி நேர வேலையைத்தான் கேட்டிருக்கிறான். அந்தக் கடிதத்தை மேஜை இழுப்பறையில் தள்ளினேன். பதில் போடவில்லை.

ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். குத்தகை முதலாளி ஒரு நாள் காலையில் ஷாப்பைப் பூட்டிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வங்கி தடுமாறியது. குடியாத்தத்தில் அந்த வங்கிக் கிளை முன்னால் தறிக்காரர்கள் கூட்டம் கூடியது. அதில் என் பெரியப்பாவும் ஒருவர். மகள் கல்யாணத்துக்குப் பணம் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“ஏண்டா, பேங்கையெல்லாம் பாக்கறதுதானே உன் வேலை? நீ பாக்கலியா?”

“அது வேற ஆளுங்க பெரியப்பா” என்றேன். யோசிக்கவே இல்லை. மூச்சு விடுவதுபோல வந்தது.

மூன்று பேர் கொண்ட குழு ஆம்பூருக்குப் போனது. இடம் தெரிந்தவன் என்று என்னையும் சேர்த்தார்கள். ஆள் வைத்துக் குழிகளை இறைத்தோம். குடோன் கீப்பர் சொன்னது சொன்னபடியே இருந்தது. மேலே இரண்டு அடுக்குத் தோல், அதுவும் அழுகிப் போயிருந்தது. கோணி. கோணிக்குக் கீழே ஆளுயரத்துக்குச் சக்கை. நடுவில் மட்டும் ஆழமாகத் தோல். மூலைகளில் ஒன்றுமில்லை.

அவர் வாசலில் நின்றிருந்தார். செய்தி கேள்விப்பட்டு வந்திருக்கிறார். உள்ளே விடவில்லை. நான் வெளியே வந்தபோது கிட்டே வந்து கும்பிட்டார். முகத்தில் ஒரு சந்தோஷம். என்மேல் வன்மம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு அந்தச் சந்தோஷம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

“பாத்துட்டீங்களா சார்?”

“பாத்தேன்.”

“லேபர் கோர்ட்ல கேஸ் போட்டிருக்கேன் சார். நான் எழுதுனது நெஜம்னு உங்க ரிப்போர்ட்டுல ஒரே ஒரு வரி வந்தாப் போதும். காசு கீசு வேணாம் சார், வேலைய குடுத்துடுவாங்க. வூட்ல ரொம்பப் பேஜாராக் கீது.”

“பாக்கறேன்ப்பா” என்றேன்.

டிராவலர்ஸ் பங்களாவில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை எழுதவும் எழுதினேன். முன்பே குடோன் கீப்பர் இதைப் புகாராகத் தெரிவித்திருந்தார் என்று. எழுதியதைத் திரும்பப் படித்தேன். அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் புகாரை விசாரித்தது யார்? பதவி உயர்வுக்கான நேர்காணல் இன்னும் ஆறு வாரத்தில். அந்த வரியை அடித்தேன். அடித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் நான் ஒரு கோழை, அவ்வளவோடு போயிருக்கும். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதே. முந்தைய ஆய்வுக்குப் பிறகு சரக்கு அகற்றப்பட்டிருக்கலாம் என்று எழுதினேன்.

‘அகற்றப்பட்டிருக்கலாம்.’ பொய் என்று யாரும் சொல்ல முடியாத வார்த்தை. எங்கள் தொழிலில் இப்படி வார்த்தை தேடிப் பிடிக்கிறவனைத்தான் திறமைசாலி என்பார்கள். குழுவில் இருந்த மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய ஆய்வு யாருடையது என்று அவர்களுக்கும் தெரியும். நாளைக்கு அவர்களுக்கும் இப்படி ஒரு ‘லாம்’ தேவைப்படலாம் என்பதும் தெரியும்.

லேபர் கோர்ட்டில் வங்கியின் வக்கீல் அந்த வாக்கியத்தைத்தான் வாசித்தாராம். சரக்கு பின்னால்தான் போயிருக்கிறது, புகார் எழுதியபோது சரக்கு இருந்தது, ஆகவே புகார் பொய். நான் போட்ட கணக்கு அவர்களுக்கும் சரியாக வந்தது. கேஸ் தள்ளுபடி ஆனது. அந்த வங்கியைப் பெரிய வங்கி ஒன்றோடு சேர்த்தார்கள். பெரியப்பா கையில் பணம் தவணை தவணையாக வந்து சேர்வதற்குள் மகள் கல்யாணம் ஒரு தடவை நின்று போனது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். அது எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆம்பூர் விவகாரத்துக்குப் பிறகு, தோல் சரக்கை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு சுற்றறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். நான் எழுதினேன். கொக்கி வைத்த மூங்கில் கோல் பயன்படுத்த வேண்டும், குழியின் நடுவில் பார்த்தால் போதாது, நான்கு மூலைகளிலும் இறக்கிப் பார்க்க வேண்டும், கோல் எகிறினால் தோல், இறங்கினால் இல்லை, அதிகாரி தன் கையாலேயே செய்ய வேண்டும். ஒவ்வொரு வார்த்தையும் அவருடையது. ஆங்கிலத்தில் எழுதியதால் என்னுடையதாகிவிட்டது. நாடு முழுவதும் போயிற்று. பம்பாயிலிருந்து ஒரு பெரியவர் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைக் கொஞ்ச காலம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எண்பதுகளின் நடுவில் என்னைப் பயிற்சிப் பிரிவுக்குப் போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த அதிகாரிகள் பன்னிரண்டு பேர், அவர்களில் இரண்டு பெண்கள். தோல் சரக்கு ஆய்வை நேரில் காட்ட ஆம்பூருக்கு அழைத்துப் போனேன். வேறு ஷாப்பு இது. முதலாளி வயதான பாய் ஒருவர். முன் அறையே அவரிடம் இல்லை, குழியோரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க வாங்க. குழி வேலை தெரிஞ்ச ஆளு ஒருத்தர் நம்மகிட்ட கீறாரு. அவரை வுட்டு காட்டச் சொல்றேன்” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கோலோடு வந்தவர் அவர்தான். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. காலில் நகங்கள் கறுத்திருந்தன. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் போடுகிற வணக்கத்தை எனக்கும் போட்டார்.

நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கோலை வாங்கினேன். இந்தத் தடவை கை நீண்டது, பன்னிரண்டு பேர் பார்க்கிறார்களே. குழியில் இறக்கினேன். பதற்றத்தில் நடுவில் இறக்கிவிட்டேன்.

“நடுவுல வேணாம் சார்” என்றார் மெதுவாக. “மூலையில வுடுங்க. ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்ல ஜாஸ்தி காட்டறவங்க நடுவுலதான் நல்ல தோல அடுக்குவாங்க. பேங்க்ல அட்வான்ஸ் வாங்கின தேதியையும் பட்டை மாத்துன தேதியையும் சேத்து வெச்சிப் பாத்தீங்கன்னா இன்னும் தெரியும்.”

பையன்கள் சிரித்தார்கள். சுற்றறிக்கையில் இல்லாததையெல்லாம் இவர் சொல்கிறாரே என்றான் ஒருவன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி மட்டும் எழுதாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்தாமல் குழி விளிம்பு வரை வந்திருந்தாள்.

“நீங்க முன்னாடி பேங்க்ல வேலை பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள்.

அவர் பாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய் எழுதியதற்காக வங்கியிலிருந்து விரட்டப்பட்டவன் என்று இந்த ஷாப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்தால் இந்த வேலை நிலைக்குமா என்பது அவருக்குத்தான் தெரியும். நான் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம் அம்மா, பார்த்திருக்கிறார், உன் கையில் இருக்கும் சுற்றறிக்கையே இவருடையதுதான், நான்தான் இவரைப் பொய்யனாக்கினேன் என்று. மூன்று வாக்கியம். பாயும் கேட்டிருப்பார், பன்னிரண்டு பேரும் கேட்டிருப்பார்கள். அவர் காத்திருந்தார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, பார்வையைக் குழிக்குத் திருப்பிக்கொண்டார்.

“இல்லம்மா” என்றார். “எங்க அப்பா இந்தக் குழி வேலதான் செஞ்சாரு. அதுல தெரிஞ்சிக்கினதுதான்.”

அந்த நேரத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வெட்கமெல்லாம் பிறகு வந்தது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த வயதில். அன்றைக்கு எனக்கு வந்தது நிம்மதி. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கி, மூச்சு தாராளமாக வந்தது. இரண்டாவது தடவையும் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் அவசரப்படுத்தி வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.